ஹாக்மனே: இந்த ஸ்காட்ஸ் வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?

மேகமலை
எல்லாருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்துல டிசம்பர் 31 ராத்திரிக்கு ஹாக்மனேன்னு பேரு, கடைசி அசையில அழுத்தம் குடுத்து ஹாக்-ம-நேய்னு சொல்றாங்க. எடின்பரோ தெருக்கொண்டாட்டத்தை டிவில பாக்குறவங்களுக்கு பேரு பழக்கமாத்தான் இருக்கும். ஆனா அர்த்தம் என்னன்னு தேடப் போனா தலை சுத்துது. ஒரு சைட்ல 'புனித மாசம்'னு போட்டிருக்கான், இன்னொண்ணுல ஸ்காட்லாந்து மலைநாட்டோட கேலிக் மொழியில 'புது காலை'ங்கறான், வேற ஒருத்தன் கிரேக்கம்ங்கறான், பிளெமிஷ்ல 'பெரிய அன்பு நாள்'னு ஒரு விளக்கம், ஸ்காட்லாந்து அரசி மேரி ராணி பிரான்ஸ்லேருந்து கொண்டுவந்தாங்கன்னு ஒரு கதை வேற. எல்லாரும் அடிச்சு சொல்றாங்க, ஆனா எந்த வருஷம் எந்த ஏட்டுல இப்படி எழுதியிருக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. சொல்வரலாறு படிச்சவங்க, ஸ்காட்லாந்துல குடியிருக்கறவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் விளக்கமா எழுதுங்க ப்ளீஸ்.

பரணி
மேகமலை, புனித மாசம்தான் சரின்னு எனக்கு படுது. பழைய ஆங்கிலத்துல 'ஹாலிக் மோனத்'னு ஒரு சொல் நிஜமாவே இருக்கு, அர்த்தம் புனித மாசம்தான். வேகமா நாலு வாட்டி சொல்லிப் பாருங்க, ஹாக்மனே கிட்ட வந்து நிக்கும். கிறிஸ்து பிறந்த மாசம் வேற. சத்தமும் பொருந்துது, அர்த்தமும் பொருந்துது, இதுக்கு மேல என்ன வேணும்?

வட்டெழுத்து
பரணி, மாசம்தான் பொருந்தல. இங்கிலாந்தோட வடக்குல பீட்னு ஒரு துறவி இருந்தார், 725ல காலக்கணக்கு பத்தி லத்தீன்ல ஒரு நூல் எழுதினார். அவரோட முன்னோர்கள் மாசங்களை என்னென்ன பேர் சொல்லி கூப்பிட்டாங்கன்னு அதுல வரிசையா குடுத்திருக்கார். அவர் கணக்குல ஹாலிக் மோனத்ங்கறது செப்டம்பர். டிசம்பர், ஜனவரி ரெண்டுக்கும் சேத்து ஒரே பேர்தான், இப்போ கிறிஸ்துமஸுக்கு 'யூல்'னு சொல்றாங்களே அதோட பழைய வடிவம். செப்டம்பர் மாசப் பேரு டிசம்பர் கடைசி ராத்திரியில வந்து எப்படி ஒட்டிக்கும்?

கிரேக்க விளக்கத்துக்கும் வந்துடறேன். 'ஹாகியா மேனே', அதுக்கும் புனித மாசம்னுதான் அர்த்தம் சொல்றாங்க. 1690கள்ல ஸ்காட்லாந்தோட பிரஸ்பிட்டீரியன்ங்கற புராட்டஸ்டன்ட் சர்ச் போதகர்களை கிண்டல் பண்ணி வந்த ஒரு நூல்ல இந்த விளக்கம் இருக்கு. எனக்கு அந்த கிரேக்கத்துல துளி நம்பிக்கை கிடையாது, ஆனா அதே வாக்கியத்தோட முன்பாதி தங்கம். தெற்கு ஸ்காட்லாந்துல சாதாரண ஜனங்க புது வருஷத்துக்கு முந்தின ராத்திரி வீடு வீடா போய் 'ஹாக்மனே'ன்னு கத்திக்கிட்டு போவாங்கன்னு அதுல எழுதியிருக்கு. கத்துறாங்க, அதுவும் வாசல் வாசலா போய். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மேகமலை
அப்போ அந்த 1690கள்தான் முதல் பதிவா? அதுக்கு முன்னாடி ஏதாச்சும் இருக்கா?

வட்டெழுத்து
இருக்கு. பழசுலேருந்து வரிசையா சொல்றேன், ஏன்னா இந்த சொல்லுக்கு வரிசைதான் முக்கியம், சத்தத்தை மட்டும் வச்சு ஆராய்ச்சி பண்ணா எந்த மொழியிலேருந்து வேணும்னாலும் கொண்டுவந்துடலாம்.

முதல் பதிவு 1443. அது ஸ்காட்லாந்தே கிடையாது, இங்கிலாந்துல யார்க்‌ஷயரோட மேற்கு பகுதி. ஒரு பெரிய வீட்டோட வரவு செலவு கணக்கு, லத்தீன்ல எழுதினது, அதுல டிசம்பர் 31ஆம் தேதிக்கு நேரா ஒரு செலவு: பெரிய 'ஹாக்னொனேஸ்' 12 பென்ஸ், சின்ன 'ஹாக்னொனேஸ்' 8 பென்ஸ். அவ்ளோதான். ஆனா அந்த ஒரு வரியில எவ்ளோ இருக்கு பாருங்க. தேதி அதே தேதி. காசு வெளியில போயிருக்கு. பெரிசு, சின்னதுன்னு ரெண்டு வகை இருந்திருக்கு. அதாவது கணக்குப்பிள்ளைக்கு அது ஒரு நாளோட பேரு இல்ல, குடுக்கற ஒரு பொருளோட பேரு.

அடுத்தது 1604, ஸ்காட்லாந்தோட வடகிழக்குல எல்கின் ஊர். அங்க சர்ச் மூப்பர்கள் சபைன்னு ஒண்ணு உண்டு, கிர்க் செஷன்னு பேரு, ஊர்ல யார் ஒழுக்கம் தவறினாலும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. அந்த சபையோட பதிவுல சனிக்கிழமை 'ஹாக்மனேஸ்' பாடினதா ஒருத்தர் மேல புகார். இங்க அது பாட்டு. அப்புறம் 1677ல ஹாக்மெனா, 1681ல ஹாக்மினே ராத்திரி, 1690கள்ல நான் மேல சொன்ன அந்த கத்தல். 'ராத்திரி'ங்கற வார்த்தை பக்கத்துல வந்து ஒட்டறதே 1681லதான்.

ஆக என் கட்சி இதுதான்: முதல்ல இது வாசல்ல நின்னு கேக்கற பரிசு, அந்த பரிசுக்காக போடற சத்தம். ராத்திரிக்கு பேரானது அப்புறம். அதனால 'மாசம்', 'காலை', 'நாள்'னு அர்த்தம் சொல்ற எல்லா விளக்கமும் ஆரம்பத்துலயே தப்பான கதவைத் தட்டுது.

யாழ்தேவி
வணக்கம். நான் கிளாஸ்கோவில கனகாலமா இருக்கிறன், முதியோர் இல்லத்தில வேலை. வட்டெழுத்து சொல்லுறது எனக்கு உடன விளங்குது, ஏனெண்டா எங்கட இல்லத்தில ஒரு அம்மம்மா இருக்கிறா, ஃபைஃப் பக்கம் பிறந்தவ. அவ ஹாக்மனே எண்டு சொல்லுறது ரெண்டு அர்த்தத்தில. 31ஆம் திகதிக்கும் சொல்லுவா, சின்னப்பிள்ளையா இருக்கேக்க வீடு வீடாப் போய் வாங்கின ஓட்ஸ் ரொட்டிக்கும் அதே சொல்தான். 'என்ர ஹாக்மனேயைத் தாங்கோ' எண்டு கதவடியில நிண்டு கேக்கிறதாம். அதுக்கொரு பாட்டும் இருக்கு, எழும்புங்கோ வீட்டுக்காரம்மா, இறகை உதறிப்போட்டு எழும்புங்கோ, எங்களைப் பிச்சைக்காரர் எண்டு நினைக்காதேங்கோ, நாங்கள் விளையாட வந்த பிள்ளையள், எங்கட ஹாக்மனேயைத் தாங்கோ எண்டு வரும். இன்னொண்டு இன்னும் சின்னன்: கால் குளிருது, சப்பாத்து மெலிசு, ரொட்டியைத் தாங்கோ, நான் ஓட வேணும். அவ பாடேக்க கையால மேசையில தாளம் போடுவா. சில இடங்களில அந்த நாளையே கேக் நாள் எண்டுதான் சொல்லுவினமாம். கேக் எண்டா இப்பத்தைய கிரீம் கேக் இல்லை, தட்டையான ஓட்ஸ் ரொட்டி.

வட்டெழுத்து
யாழ்தேவி அக்கா, ரொம்ப நன்றி, இது பெரிய சாட்சி. ஸ்காட்ஸ் அகராதியிலயும் இந்த சொல்லுக்கு அந்த ராத்திரி, அந்த பரிசு, அந்த கூப்பாடு எல்லாத்தையும் அர்த்தமா குடுத்திருக்காங்க. 1443 கணக்குல இருந்த அதே 'குடுக்கற பொருள்' அர்த்தம் உங்க அம்மம்மா வாய்ல இன்னும் உசுரோட இருக்கு பாருங்க.

செவ்வந்தி
நல்ல இழை. எனக்கு ஒரு சந்தேகம். ஸ்காட்லாந்துல 1600லதான் ஜனவரி 1ஐ வருஷப் பிறப்பா மாத்தினாங்கன்னு படிச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி மார்ச் 25. இங்கிலாந்துல இன்னும் மோசம், 1752 வரைக்கும் மார்ச் 25தான். அப்படி இருக்க 1443ல யார்க்‌ஷயர்ல டிசம்பர் 31க்கு புத்தாண்டு பரிசு எப்படி குடுத்திருப்பாங்க?

வட்டெழுத்து
செவ்வந்தி, அருமையான கேள்வி. மார்ச் 25ங்கறது பத்திரம், கோர்ட்டு, அரசாங்க எழுத்துல வருஷ நம்பர் மாறற நாள். ஜனங்க புத்தாண்டுன்னு கொண்டாடினது, பரிசு குடுத்துக்கிட்டது எல்லாம் ரோமானியர் காலத்து பழக்கப்படி ஜனவரி 1லதான். இங்கிலாந்து அரண்மனையிலயே ராஜாவுக்கு புத்தாண்டு பரிசு குடுக்கற சடங்கு ஜனவரி 1லதான் நடந்துச்சு, வருஷ நம்பர் மாற இன்னும் ரெண்டரை மாசத்துக்கு மேல இருக்கறப்பவே. ராஜா ஆறாம் ஜேம்ஸ் 1600லேருந்து ஸ்காட்லாந்துல ரெண்டையும் ஒண்ணாக்கினார், அவ்ளோதான். அதனால 1443 பதிவுக்கு ஒரு சிக்கலும் இல்ல.

குளிர்நாட்டான்
அபர்டீன்லேருந்து எழுதறேன். சொல்லோட பிறப்பு பத்தி பேச ஆள் இருக்கீங்க, நான் அந்த ராத்திரி நடக்கறதை சொல்றேன், வாசல்ங்கற விஷயம் இப்பவும் எவ்ளோ முக்கியம்னு அதுல தெரியும்.

பன்னெண்டு மணி அடிச்ச அப்புறம் வீட்டுக்குள்ள முதல்ல கால் வைக்கறவருக்கு ஃபர்ஸ்ட் ஃபுட்னு பேரு. அந்த ஆளைப் பொறுத்துதான் அந்த வருஷ அதிர்ஷ்டம். உயரமா, கருப்பு முடியோட ஒரு ஆம்பளை வந்தா ரொம்ப நல்லது, செம்பட்டை முடி, வெளுத்த முடிக்காரங்க வந்தா ஆகாதுன்னு பழைய நம்பிக்கை. வைக்கிங் காலத்துல வெளுத்த முடியோட ஒருத்தன் வாசல்ல நின்னா கலவரம்தானே, அதனாலன்னு இங்க காரணம் சொல்வாங்க. நம்ம ஊர் முடி எப்படின்னு சொல்லணுமா, எங்க தெருவுல அந்த பொறுப்பு என்கிட்ட வந்துடுச்சு. பக்கத்து வீட்டு பெரியவர் சாயந்தரமே வந்து சொல்லிட்டு போயிடுவார், மணி அடிச்சதும் வேற யாரையும் உள்ள விட மாட்டேன், நீதான் வரணும்னு. வெறுங்கையோட போகக் கூடாது. ஒரு துண்டு நிலக்கரி, ஷார்ட்பிரெட், கருப்பு பன், கொஞ்சம் உப்பு, ஒரு பாட்டில் விஸ்கி. கருப்பு பன்ங்கறது உள்ள முழுக்க உலர்ந்த திராட்சையும் மசாலாவும் அடைச்சு வெளியில மாவு ஓடு போட்ட கனமான பண்டம், ஒரு துண்டுக்கு மேல சாப்பிட முடியாது. அவங்க வீட்டுல இப்போ கேஸ் ஹீட்டர்தான், கரி எரிக்கற அடுப்பே கிடையாது, ஆனாலும் கரியை ரெண்டு கையாலயும் வாங்கி கணப்பு மேடையில வைப்பார். அப்போ சொல்ற வாழ்த்து 'லாங் மே யர் லம் ரீக்', உங்க புகைபோக்கி ரொம்ப காலம் புகையட்டும்னு.

மணி அடிக்கறதுக்கு முன்னாடி வீடு கூட்டி, அடுப்பு சாம்பலை அள்ளி வெளியில கொட்டி, வாங்கின கடனைக் குடுத்து, இரவல் பொருளைத் திருப்பிடணும். இந்த சுத்தம் பண்றதுக்கு ரெட்டிங்னு பேரு. எங்கம்மா இங்க வந்திருந்தப்போ பாத்துட்டு இது நம்ம போகிடான்னு சொன்னாங்க.

மேகமலை
படிக்கவே சந்தோஷமா இருக்கு அண்ணா. கிறிஸ்துமஸை விட இதுக்கு ஏன் அங்க இவ்ளோ மவுசு?

குளிர்நாட்டான்
சர்ச்தான் காரணம். 1560ல மதச் சீர்திருத்தம் வந்தப்புறம் ஸ்காட்லாந்து கிர்க் யூல் பண்டிகையை கத்தோலிக்க மிச்சம்னு ஒதுக்கிடுச்சு, 1640ல பார்லிமென்டே சட்டம் போட்டு யூல் விடுமுறையை எடுத்துடுச்சு. அப்புறம் சட்டம் மாறினாலும் பழக்கம் திரும்பல. கிறிஸ்துமஸ் இங்க பொது விடுமுறை ஆனதே 1958லதான்! இப்போ எழுபது வயசு தாண்டினவங்ககிட்ட கேட்டா எங்கப்பா கிறிஸ்துமஸ் அன்னைக்கு வேலைக்கு போனாருன்னு சாதாரணமா சொல்வாங்க. அந்த குளிர்காலத்து கொண்டாட்டம் மொத்தமும் ஹாக்மனே பக்கம் சாய்ஞ்சுடுச்சு. ஜனவரி 2ம் ஸ்காட்லாந்துல லீவு, இங்கிலாந்துல கிடையாது. அந்த எடின்பரோ தெருவிழா எல்லாம் 1993ல ஆரம்பிச்சது, புதுசு. பழசைப் பாக்கணும்னா ஸ்டோன்ஹேவன் போங்க, கம்பிக்கூண்டுக்குள்ள நெருப்பு வச்சு தலைக்கு மேல சுழட்டிக்கிட்டே கடைத்தெருவுல நடந்து போய் கடைசியில துறைமுகத் தண்ணியில வீசுவாங்க. குளிர்ல நிக்கற நமக்கு முகத்துல அந்த அனல் அடிக்கும், காதுக்குப் பக்கத்துல அந்த உறுமல் கேக்கும்.

நெய்தல்
சரி, எல்கின்ல 1604, அதுக்கு 43 வருஷம் முன்னாடி 1561லதான் மேரி ராணி பிரான்ஸ்லேருந்து திரும்பி வர்றாங்க. அவங்ககூட வந்த ஆளுங்க மூலமா பிரெஞ்சு வார்த்தை உள்ள வந்துச்சுங்கற கதை அவ்ளோ மோசமா தெரியலையே? ஸ்காட்ஸ்ல பிரெஞ்சு வார்த்தை ஏராளமா இருக்கு. பெரிய தட்டுக்கு ஆஷெட், ஆட்டுத் தொடைக்கறிக்கு ஜிகட், கோப்பைக்கு டாஸி, 'கவலைப்படாதே'ன்னு சொல்ல 'டின்னா ஃபாஷ்'. எல்லாம் பிரெஞ்சுதான்.

வட்டெழுத்து
நெய்தல், பிரெஞ்சுங்கறதுல நான் உங்க பக்கம். மேரி ராணிங்கறதுலதான் ஒத்து வராது. 1443க்கு மேரி ராணி பிறக்கவே இன்னும் 99 வருஷம் இருக்கு, அதுவும் பதிவு கிடைச்சது யார்க்‌ஷயர்ல. ஸ்காட்லாந்து பிரான்ஸ் கூட்டணியே 1295லேருந்து இருக்கு, பிரான்ஸோட வடக்குல இருக்கற நார்மண்டிலேருந்து நார்மன்காரங்க இங்கிலாந்துக்கு அதுக்கும் முன்னாடியே வந்தாச்சு, ஒரு சொல் வர்றதுக்கு ராணி கப்பல்ல வர வேண்டியதே இல்ல, வியாபாரியும் வேலைக்காரனும் போதும். யார்க்‌ஷயர் ரிச்மண்ட்லயும் ஹாக்மெனா பாட்டு பாடற பழக்கம் இருந்திருக்கு. ஆக இது இங்கிலாந்தோட வடக்கும் ஸ்காட்லாந்தும் சேந்து வச்சிருந்த சொல், தெற்குல காத்துல கரைஞ்சுடுச்சு, வடக்குல நின்னுடுச்சு.

இப்போ பிரெஞ்சு பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க. பழைய பிரெஞ்சுல 'அகியனஃப்'னு ஒரு சொல். அர்த்தம் என்ன? புத்தாண்டு பரிசு, அந்த பரிசுக்காக பசங்க போடற கூப்பாடு, அந்த ராத்திரி. அப்படியே யாழ்தேவி அக்கா சொன்ன அதே கொத்து! நார்மண்டி வட்டார வழக்குல அது 'ஹோகினனே', 'ஹோகினெட்'னு மாறுது. இங்கிலீஷ் கால்வாயில கெர்ன்சி தீவுல பசங்க 'ஓகினான்'னு கேட்டு போவாங்க. நார்மண்டி வடிவத்தையும் 1443 ஹாக்னொனேஸையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டு 'ன' வரிசையா வர்ற இடத்துல ஒண்ணு மட்டும் 'ம' ஆகியிருக்கு, ஹாக்மனே ரெடி. பக்கத்து பக்கத்துல ஒரே மாதிரி சத்தம் வந்தா ஒண்ணு வேற சத்தமா மாறறது எந்த மொழியிலயும் நடக்கறதுதான். கடைசி அசையில அழுத்தம் விழறதும் எனக்கு பிரெஞ்சு வாடையாத்தான் படுது.

இதைவிட எனக்கு பிடிச்ச சாட்சி அட்லாண்டிக்கைத் தாண்டி இருக்கு. பிரான்ஸ்லேருந்து கனடா போனவங்க இந்த வழக்கத்தை எடுத்துட்டு போனாங்க. கியூபெக்ல 'லா கிஞ்ஞோலே'ன்னு பேரு, வருஷக் கடைசியில பாட்டு பாடிக்கிட்டு வீடு வீடா போய் ஏழைகளுக்கு உணவு சேக்கறது, இன்னைக்கும் டிசம்பர்ல அந்த பேர்லயே நன்கொடை திரட்டறாங்க. அமெரிக்காவுல மிசிசிப்பி நதிக்கரையில பிரெஞ்சுக்காரங்க குடியேறின பழைய ஊருங்க ரெண்டு, இல்லினாய்ல பிரெய்ரி டு ரோஷே, மிசௌரியில செயின்ட் ஜெனிவீவ். அங்க டிசம்பர் 31 ராத்திரி ஃபிடில் வாசிச்சுக்கிட்டு, வேஷம் போட்டுக்கிட்டு 'லா கியானே' பாடிக்கிட்டு வீடு வீடா போறாங்க, போற இடத்துல சாப்பாடும் குடிக்கறதும் குடுக்கறாங்க. ஊர்ல பிரெஞ்சு பேசறது நின்னே போச்சு, பாட்டு மட்டும் பிரெஞ்சுலயே நிக்குது.

ஒரே ராத்திரி, ஒரே மாதிரி வாசல் வாசலா போறது, ஒரே மாதிரி கேக்கறது, ஒரே குடும்பத்து சத்தம். நார்மண்டி, கெர்ன்சி, யார்க்‌ஷயர், எல்கின், கியூபெக், இல்லினாய். இது தற்செயலா நடக்காது.

பரணி
சரி வட்டெழுத்து, அந்த பிரெஞ்சு சொல்லுக்கு என்ன அர்த்தம்? அதுலதான் 'புல்லுருவிக்கு, புது வருஷம்'னு வருதாமே. 'ஓ கி லான் நஃப்'. இப்போ பிரான்ஸ் இருக்கற இடத்துல பழைய காலத்துல இருந்த 'கால்' (Gaul) தேசத்து ட்ரூயிட் பூசாரிகள் ஓக் மரத்துல இருக்கற புல்லுருவியை தங்க அரிவாளால வெட்டுவாங்கன்னு ரோமானியர் பிளினி எழுதியிருக்கார். அப்படின்னா இந்த சொல்லுக்கு ரெண்டாயிரம் வருஷ வேர் இருக்கே.

வட்டெழுத்து
பிளினி எழுதினது உண்மை, வெள்ளை உடுப்பு, தங்க அரிவாள், நிலாவோட ஆறாம் நாள், எல்லாம் இருக்கு. ஆனா பிளினி சொன்ன ட்ரூயிட் பிரெஞ்சு பேசல, பிரெஞ்சுங்கற மொழியே அப்போ பிறக்கல. அவங்க பேசின சொல் தொடர் அப்படியே பிரெஞ்சு இலக்கணத்தோட மிச்சம் இருக்கறதுக்கு வழியே இல்ல. கடைசியில வர்ற 'லான் நஃப்', அதாவது புது வருஷம், அது ஒத்துக்கக்கூடியது. முன்னாடி இருக்கற 'அகி'க்குத்தான் எல்லாரும் ஆளுக்கொரு அர்த்தம் மாட்டினாங்க. புரியாத ஒரு கூப்பாட்டை புரியற வார்த்தைகளா உடைக்கறது மனுஷ சுபாவம். 'மனுஷன் பிறந்தான், மூணு ராஜா அங்கே'ன்னு ஒரு பிரெஞ்சு விளக்கம் இருக்கு, அதுவும் இதே ரகம்தான். ஸ்காட்லாந்து பசங்க பாட்டுல 'ஹாக்மனே, ட்ரோலோலே, வெள்ளை ரொட்டி குடு, பழுப்பு ரொட்டி வேணாம்'னு வரும், அந்த ட்ரோலோலேயைத்தான் மூணு ராஜான்னு இழுத்திருக்காங்க.

நீர்முள்ளி
கேலிக் பக்கத்துக்காக யாரும் வாதாட மாட்டேங்கறீங்களே, நான் வரேன். ஸ்காட்லாந்துல பாதி நாடு கேலிக் பேசின நாடு. புத்தாண்டு சடங்குகள் மலைநாட்டுலதான் ரொம்ப பழசா இருக்கு. 'புது காலை'ன்னு கேலிக்ல வர்ற தொடர் ஏன் மூலமா இருக்கக்கூடாது? வடமொழிக்கு தெற்கத்தி மொழி கடன் குடுக்கற மாதிரி, சின்ன மொழிகிட்டேருந்தும் பெரிய மொழி வாங்கும்தானே. எப்பவும் பிரெஞ்சு, லத்தீன்னே வேர் தேடறது எனக்கு உறுத்துது.

வட்டெழுத்து
நீர்முள்ளி, அந்த உறுத்தல் நியாயமானது, கேலிக்குக்கு சேர வேண்டிய பெருமையை பல இடத்துல குடுக்காம விட்டிருக்காங்க. ஆனா இந்த சொல்லுல கேலிக்காரங்களே உங்களுக்கு எதிர் சாட்சி. அவங்க மொழியில அந்த ராத்திரிக்கு பேரு 'ஒய்ச்சே கலின்'. கலின்ங்கறது லத்தீன் 'கலெண்டே'லேருந்து வந்தது, மாசத்தோட முதல் நாள்னு அர்த்தம், காலண்டர்ங்கற சொல்லும் அதே வேர்தான். ஹாக்மனே அவங்க சொல்லா இருந்திருந்தா அவங்க ஏன் அதை விட்டுட்டு வேற பேர் சொல்லணும்? அதோட பழைய பதிவு எல்லாம் யார்க்‌ஷயர், எல்கின், தெற்கு ஸ்காட்லாந்துன்னு ஸ்காட்ஸ், ஆங்கிலம் புழங்கின இடத்துலதான் கிடைக்குது.

சடங்கு விஷயத்துல மலைநாடு பழசுங்கறதை முழுசா ஒத்துக்கறேன். 1773ல ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் ஸ்காட்லாந்தோட மேற்குத் தீவுகளை சுத்திப் பாக்க போனார், அங்க கேட்டதை எழுதி வச்சிருக்கார். புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி பிரபு வீட்டு கூடத்துல ஒருத்தன் மாட்டுத்தோலைப் போத்திக்குவான், மத்தவங்க கம்பால அந்த தோலை அடிப்பாங்க, அவன் அந்த சத்தத்தோடயே வீட்டை சுத்தி ஓடுவான். உள்ள இருந்தவங்க எல்லாம் பயந்த மாதிரி நடிச்சுக்கிட்டு வெளியில ஓடிடுவாங்க, கதவு சாத்திடும். திரும்ப உள்ள வரணும்னா ஒரு பாட்டு சொல்லணும், சொன்னாத்தான் கதவு திறக்கும். குளிர்காலத்து ஹெப்ரிடீஸ் தீவுல ராத்திரி வெளியில நின்னு பாருங்க, பாட்டு தன்னால வரும்!

நீர்முள்ளி
அந்த மாட்டுத்தோல் விஷயம் பிரமாதம். ஆனா ஐரிஷ் கடல்ல இருக்கற மான் தீவை (Isle of Man) விட்டுட்டீங்க. அங்க அக்டோபர் 31க்கு 'ஹாப்-டு-நா'ன்னு பேரு, பசங்க டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு விளக்கு வச்சுக்கிட்டு வீடு வீடா போவாங்க. பாட்டு 'ஹாப்-டு-நா, ட்ரோலலா'. ஸ்காட்லாந்துல 'ஹாக்மனே, ட்ரோலோலே'. கெல்ட் நாட்காட்டியில வருஷம் பிறக்கறது நவம்பர் 1ன்னு பலர் சொல்றாங்க, அப்படிப் பாத்தா அக்டோபர் 31 அவங்களுக்கு புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி. இதுக்கு என்ன சொல்றீங்க?

வட்டெழுத்து
இது இந்த இழையிலயே பலமான எதிர்வாதம். ட்ரோலோலே ரெண்டு பக்கமும் இருக்கறது சும்மா தள்ளிவிடற விஷயம் இல்ல. என் பார்வை என்னன்னா ட்ரோலோலே மாதிரி பல்லவி சத்தம் பாட்டோட பாட்டா கடல் தாண்டும், ஐரிஷ் கடல்ல படகு போக்குவரத்துக்கு பஞ்சமே இல்ல. அதே நேரம் மான் தீவு சொல்லுக்கு 1443 மாதிரி ஒரு பழைய பதிவை யாராவது காட்டினா மொத்த கணக்கையும் திரும்ப போடணும். ஸ்காண்டிநேவிய விளக்கம் ஒண்ணும் இருக்கு, மேட்டுல வாழற குட்டிச்சாத்தான் மாதிரி ஆவிகளை விரட்டற சத்தம்னு. ஸ்காட்லாந்தோட வடக்குல இருக்கற ஷெட்லாண்ட் தீவுகள்ல நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவிய செல்வாக்கு ஜாஸ்திங்கறதால சிலருக்கு அது பிடிக்குது. ஆனா 'பரிசு'ங்கற அர்த்தம் அதுல எங்கேருந்தும் வரல, அதனால நான் அதை நம்பல.

செவ்வந்தி
ஷெட்லாண்ட்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. அங்க ஃபௌலான்னு ஒரு குட்டித்தீவு, அவங்க இன்னும் பழைய ஜூலியன் காலண்டர்படி ஜனவரி 6ல யூலும் ஜனவரி 13ல புத்தாண்டும் கொண்டாடறாங்க. ஸ்காட்லாந்தோட வடகிழக்குல பர்க்ஹெட் ஊர்லயும் ஜனவரி 11 ராத்திரிதான் தார் ஊத்தின பீப்பாயைக் கொளுத்தி தோள்ல தூக்கிட்டு ஊரை சுத்தறாங்க. 1752ல நாள்காட்டியை மாத்தினது அவங்க ஹாக்மனேயை அசைக்கல.

பரணி
ஒரு அடிப்படை கேள்வி. ஸ்காட்ஸ்னு தனி மொழியா சொல்றீங்களே, அது ஆங்கிலத்தோட வட்டார வழக்குதானே?

குளிர்நாட்டான்
பரணி, இங்க பஸ்ல இந்த கேள்வியைக் கேட்டா இறங்கற வரைக்கும் பேசுவாங்க. ஸ்காட்ஸும் ஆங்கிலமும் பழைய ஆங்கிலத்துலேருந்து பிரிஞ்ச ரெண்டு கிளை. 1603ல ரெண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா வர்ற வரைக்கும் ஸ்காட்லாந்து அரசவை, சட்டம், கவிதை எல்லாம் ஸ்காட்ஸ்லதான். அப்புறம் பள்ளிக்கூடத்துல ஸ்காட்ஸ் பேசினா கைய நீட்டச் சொல்லி தோல் வார்ல அடிச்ச காலமும் இருந்துச்சு. 2011 சென்சஸ்ல 15 லட்சம் பேருக்கு மேல ஸ்காட்ஸ் பேசத் தெரியும்னு பதிஞ்சிருக்காங்க. என்கூட வேலை செய்யறவங்க மீட்டிங்ல ஆங்கிலம், டீ குடிக்கறப்போ டோரிக். டோரிக்ங்கறது இந்த வடகிழக்கு ஸ்காட்ஸ், அதுல 'என்ன'ன்னு கேக்கறதுக்கு 'ஃபிட்'னு சொல்வாங்க. வந்த புதுசுல 'ஃபிட் லைக்'னு கேட்டா என்னன்னே புரியாம நிப்பேன், எப்படி இருக்கேன்னு விசாரிக்கறாங்க பாவம்.

மேகமலை
எல்லாருக்கும் பெரிய நன்றி. நான் இதை ஒரு கட்டுரையா எழுதப் போறேன். தமிழ்ல ஹாக்மனே, ஹொக்மனே, ஹாக்மனேய், எப்படி எழுதறது? இன்னும் படிக்கணும்னா எங்க தொடங்கலாம்?

வட்டெழுத்து
ஹாக்மனேன்னே எழுதுங்க, 'கடைசி அசை அழுத்தம்'னு முதல் தடவை வர்றப்போ ஒரு வரி சொல்லிடுங்க. 1604லேருந்து அவங்களே பத்து விதமா எழுதியிருக்காங்க. படிக்கறதுக்கு ஸ்காட்ஸ் மொழி அகராதி இணையத்துல இலவசமா இருக்கு, 2004லேருந்து. பழைய ஸ்காட்ஸுக்கு 12 தொகுதி, 1700க்கு அப்புறம் வந்த ஸ்காட்ஸுக்கு 10 தொகுதி, ரெண்டையும் ஒண்ணா தேடலாம். பத்து தொகுதி ஒண்ணு முடிக்கவே 1931லேருந்து 1976 வரைக்கும் ஆச்சு, அந்த உழைப்பை நினைச்சா கையெடுத்து கும்பிடத் தோணும். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் எந்த வருஷம், எந்த ஊர்னு மேற்கோளோட குடுத்திருப்பாங்க. கட்டுரையில விளக்கங்களை விட அந்த மேற்கோள்களை முன்னாடி வைங்க.

யாழ்தேவி
தங்கச்சி, ஓட்ஸ் ரொட்டி கேட்ட பிள்ளையளின்ர பாட்டை விட்டிடாதேங்கோ. கட்டுரை முடிஞ்சதும் இஞ்ச போடுங்கோ, நான் அம்மம்மாவுக்கு இங்கிலிஷில சொல்லிக் காட்டுறன்.

நெய்தல்
கடைசியா ஒண்ணு. ஸ்பானிஷ்ல 'அகினால்டோ'ன்னு ஒரு சொல் இருக்கு. ஸ்பெயின்ல அது கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு குடுக்கற இனாம், பசங்க பாட்டு பாடிட்டு வாங்கற காசும் அதுதான். மெக்சிகோவுல அது சட்டமாவே ஆயிடுச்சு, குறைஞ்சது 15 நாள் சம்பளத்தை டிசம்பர் 20க்குள்ள தொழிலாளிக்கு குடுத்தாகணும். இதுவும் ஹாக்மனே குடும்பம்தானா?

வட்டெழுத்து
அர்த்தம் அப்படியே அண்ணன் தம்பி மாதிரி இருக்கு நெய்தல். அகராதிக்காரங்களும் பிரெஞ்சு சொல்லுக்கு பக்கத்துல 'இதையும் ஒப்பிட்டுப் பார்க்க'ன்னு போடறாங்க. ஆனா ஸ்பானிஷ் பக்கத்து ஆய்வாளர்கள்ல சிலர் அதை லத்தீன் 'ஹாக் இன் ஆன்னோ', இந்த வருஷத்துலங்கற தொடரோட சேக்கறாங்க. அதோட பழைய வடிவம் 'அகிலாண்டோ'. அதை பிரெஞ்சு அகியனஃப் பக்கத்துல வச்சு ஒரு தனி இழை தொடங்குங்க, நான் வந்துடறேன்.